ஒயரிங்கை மாற்றாமலே ‘ரீகால் முடிந்தது’ என்று கணக்கு முடித்தது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். குறையைச் சரிசெய்ய நீங்களே வண்டிகளைத் திரும்ப அழைத்த டிப்பர் ரீகாலில் என் வண்டியும் இருக்கிறது. எந்த ஒயர், எங்கே உரசுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் சேஸிஸ் பிராக்கெட்டில் தேய்ந்து ஷார்ட் ஆகலாம், தீப்பிடிக்கலாம், ஒயர் கட்டை, அதாவது ஹார்னஸை, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கடிதம் போட்டதே நீங்கள்தான். சந்தோஷம். இன்றுவரை மாற்றவில்லை.

ஜிகணியில் கிரஷர் லோடை விட்டுவிட்டு, நைஸ் ரோட்டில் டோல் கட்டி, பீன்யா சர்வீஸ் சென்டருக்கு வந்தால் தடவைக்கு ஒரு பதில். பார்ட்ஸ் வரவில்லை, எலக்ட்ரீஷியன் லீவு, சிஸ்டம் வேலை செய்யவில்லை. பீக் அவரில் ஊருக்குள் லாரியை விடமாட்டார்கள் என்று விடிவதற்குள் வந்து கேட் வாசலில் கிடப்போம். பதினோரு மணிக்குத்தான் உங்கள் அட்வைசர் வருவார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் ஜாப் கார்டில், அதாவது வண்டிக்குச் செய்த வேலையை எழுதும் சர்வீஸ் சீட்டில், இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். “எப்போதான் சார் மாத்துவீங்க?” என்று கேட்டதற்கு, போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், “ஏன் பதறுறீங்க, இன்னும் எரியலையே?” என்றார். பக்கத்தில் நின்றிருந்தவன் என் மச்சான். ராத்திரி ட்ரிப் அடித்துவிட்டு அந்த கேபினில்தான் அவன் படுக்கிறான். எரிந்த பிறகு யாரைக் கூட்டிக்கொண்டு வருவது?

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? உரசிய இடத்தில் கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேட்டரி, 24 வோல்ட், அந்த கேபிளுக்கு நடுவில் ஒரு ஃப்யூஸும் இல்லை. செம்பு வெளியே வந்தால் மொத்தக் கரண்டும் சேஸிஸில் இறங்கும். டேப் தாங்குமா? ஜல்லி ரோட்டில் ஒரு வாரம் ஓடியதும் டேப் கிழிந்து தொங்குகிறது, போட்டோ இணைத்திருக்கிறேன். கால் சென்டருக்குப் போன் செய்தால், “உங்க வண்டிக்கு ரீகால் வேலை முடிஞ்சிடுச்சு சார்” என்கிறார்கள். ஹார்னஸ் மாற்றியதாக ஜாப் கார்டை மூடியிருக்கிறார்கள்!

அப்புறம் நஷ்டம். வண்டி நின்ற நாளுக்கெல்லாம் வாடகை போச்சு, கிரஷர்காரர் வேறு லாரி பிடித்துவிட்டார், இஎம்ஐ மட்டும் நிற்கவில்லை. லட்சக்கணக்கில் போய்விட்டது, தொழிலே படுத்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

ஐயா, உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. இதே கம்பெனி வண்டியைத்தான் என் அப்பாவும் ஓட்டினார். ஜாப் கார்டைத் திருத்தி, புது ஹார்னஸ் போட்டு, பழையதை என் கையில் கொடுங்கள். வண்டி நின்ற நாட்களுக்கு நஷ்ட ஈட்டையும் எழுத்தில் சொல்லுங்கள்.

இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். லாரிக்காரன் நுகர்வோர் இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். ஒற்றை வண்டியை வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு ரீகாலைப் பற்றித்தான் பேசுகிறது. மாற்றாததை மாற்றியதாக எழுதிய அந்த ஜாப் கார்டையும் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பி வைப்பேன்.

வண்டி இப்போது ஆனேக்கலில் பேட்டரி கேபிளைக் கழற்றிய நிலையில் நிற்கிறது. இனி பீன்யாவுக்கு வரமாட்டேன். ஆளை இங்கே அனுப்புங்கள், ஹார்னஸோடு. அந்த அட்வைசர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
டிப்பர் உரிமையாளர், ஆனேக்கல், பெங்களூரு