வாசகர் வட்டம், யாழ்ப்பாணம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இரண்டு மழையால் நின்றன, மற்றவை நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது வேறு.

மே 31 இரவு வழமை போலப் பொது நூலகத்துக்கு முன்னால் கூடி விளக்கேற்றினோம். 1981இல் நூலகம் எரிக்கப்பட்ட அந்த இரவையும் அடுத்த நாட்களையும் கண்ணால் கண்ட மூத்தவர்கள் பேசினார்கள். நூலகம் மட்டுமல்ல, ஈழநாடு பத்திரிகை அலுவலகம், கடைகள், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு என்று நகரமே எரிந்தது. நூலகம் எரிவதைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான கத்தோலிக்கக் குரு தாவீது அடிகள் உயிரை விட்டதைச் சொல்லும்போது பேசியவருக்குக் குரல் அடைத்துவிட்டது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "97,000 நூல்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம், அதில் பத்துப் புத்தகத்தின் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். என்னால் இரண்டுக்கு மேல் முடியவில்லை, வெட்கமாக இருந்தது.

சரி, அதற்குப் பிறகு வருடம் முழுக்க ஒரே வேலைதான். அங்கே என்ன வாசித்தீர்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதினோம், அந்தப் புத்தகங்களின் வேறு பிரதி எந்த வீட்டு அலுமாரியிலாவது கிடக்கிறதா என்று தேடினோம். இந்த நூலகமே 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுத்ததில் தொடங்கியதுதானே. சில வீடுகளில் கறையான் முந்திவிட்டது, ஒரு வீட்டில் தாத்தாவின் புத்தகங்களைக் கச்சான் சுற்றக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அந்தப் பிள்ளை அழுதது. கிடைத்தவற்றைப் படம் எடுக்கும் முன் ஈழத்து நூல்களைப் படமெடுத்து இணையத்தில் சேர்க்கும் 'நூலகம்' என்ற தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம், 2005இலிருந்து அவர்கள் செய்துவரும் வேலையை நாம் திரும்பச் செய்யத் தேவையில்லை. முதலில் கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் மங்கலாகிவிட்டதால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

கட்டடம் பற்றியும் கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. 1984இல் திரும்பத் திறந்து, 1985இல் திரும்பத் தாக்கப்பட்டு, போர்க்காலம் முழுக்கக் குண்டு துளைத்த கூடாக நின்று, 1998க்குப் பிறகு பழைய வடிவிலேயே வெள்ளையாக எழுந்த கட்டடம் அது. பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள், அது வேண்டும், அதில் நமக்குள் பேச்சே இல்லை. ஆனால் எரிந்த சுவர் ஒன்றையாவது அப்படியே விட்டிருக்கலாம் என்பவர்களின் பக்கம்தான் நானும். இன்று வாசலில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இங்கே என்ன நடந்தது என்று யாராவது வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

அடுத்த வருடத்துக்கு: தீவுப் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று பெட்டிப் பழைய சஞ்சிகைகள் வைத்திருக்கிறார், தைப்பொங்கல் கழிய வரச் சொன்னார். வான் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைத் தாருங்கள்.

செயலாளர்