மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பினாங்கில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறாள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாடநூலில் ‘வாயுவும் தூசும் சுருங்கி நட்சத்திரம் பிறக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிறந்த பிறகும் அது பல லட்சம் ஆண்டுகள் தின்று வளர்கிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஃப்யூ ஓரியோனிஸ் என்ற இளம் நட்சத்திரத்திலிருந்து தொடங்கப்போகிறேன். தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனைக்கு மிருகசீரிடம் என்று நட்சத்திரம் சொல்லும் பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் அது இங்கே நம் தலைக்கு மேல் நிற்கும். அதற்குப் பக்கத்தில்தான் எஃப்யூ ஓரியோனிஸ், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மங்கிக் கிடந்தது, 1936-37இல் ஏறக்குறைய ஓராண்டுக்குள் நூறு மடங்குக்கும் மேல் பிரகாசமானது. இன்னும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதைச் சுற்றித் தட்டுபோலச் சுழலும் வாயு, தூசு வட்டிலிருந்து வாயு ஏராளமாக நட்சத்திரத்துக்குள் கொட்டியதுதான் காரணம். அந்த வேகத்தில் பத்து ஆண்டு கொட்டினால் ஒரு வியாழன் கோளின் நிறை அளவு சேர்ந்துவிடும். தூரம் 1,300 ஒளியாண்டுக்கு மேல், ஒளி இங்கே வந்து சேர அத்தனை ஆண்டு ஆகும் என்பதால், உண்மையில் அது நடந்தது பல்லவர் காலத்தில். இதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது.

சாதாரண நாளில் இளம் நட்சத்திரம் இப்படித் தின்பதில்லை. ஆண்டுக்கு நம் நிலாவில் கால்பங்கு போல ஏதோ சேர்கிறது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இளம் நட்சத்திரத்தின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த படத்தை, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு மெல்லிய கோடாக இல்லாமல் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கிறது. வட்டின் உள்விளிம்பு நட்சத்திரத்தைத் தொடுவதில்லை, காந்தப்புலம் அதைத் தள்ளியே நிறுத்துகிறது. வாயு காந்தக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் விழுகிறது. அந்த வேகம்தான் கோட்டை அகட்டுகிறது என்று நீ போனில் சொன்னாய். யாரும் போய்ப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் வாயு விழும் வேகத்தை ஒரு கோட்டின் அகலத்தில் படித்துவிடுகிறீர்கள்! மணியடித்தாலும் பரவாயில்லை, இந்த இடத்தில் நின்று நிதானமாகவே சொல்லப்போகிறேன்.

வட்டு தீர்ந்தால் என்ன ஆகும் என்று கட்டாயம் கேட்பார்கள். சில மில்லியன் ஆண்டுகளில் வாயு போய்விடும், வியாழன் மாதிரிக் கோள்கள் அதற்குள் உருவாகிவிட வேண்டும் என்று குறித்திருக்கிறேன். சரிதானா பார்.

அந்தக் கோட்டுப் படத்தை அச்சடிக்கிற அளவுக்குத் தெளிவாக, படத்தின் கிடை அச்சில் வேகத்தைக் குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. ஆளுக்கொரு தாளும் அடிக்கோலும் கொடுத்து அகலத்தைப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லப்போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணு.

அன்புடன்,
அப்பா