ஏற்காட்டில் நின்றுபோன புல் மெஷினுக்குப் புது இன்ஜின் தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டில் தோட்ட வீடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். தள்ளிக்கொண்டே புல் வெட்டும் பெட்ரோல் மெஷின் இரண்டு வருடம்கூட உழைப்பதில்லையாம், மலைக்குளிருக்கு அதெல்லாம் தாங்காதாம், தோட்டக்காரர்களுக்கும் அக்கறை போதாதாம். சேலத்தில் சின்ன இன்ஜின் வேலை பார்த்துப் பிழைக்கிறவன் நான். படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. குளிரால் இந்த இன்ஜின் சாகாது. தோட்டக்காரரைத் திட்டியும் பயனில்லை. மெஷினுக்குக் காசு கொடுப்பவர் சேலத்திலோ பெங்களூரிலோ இருப்பார், கடைக்காரர் விளக்கம் சொல்வதும் அவரிடம்தான், ஆனால் தினமும் கயிற்றை இழுத்து ஓட்டப்போகிற ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அப்புறம் மெஷின் நின்றதும் அவர் தலையில் பழி.

என்னிடம் வருகிற மலை மெஷின்களில் பெரும்பாலானவை செத்த மெஷின்கள் இல்லை. பழைய பெட்ரோல் குடித்துப் படுத்தவை. மழை பிடித்துக்கொண்டால் மெஷின் அரை டேங்க் பெட்ரோலோடு ஷெட்டுக்குப் போகும், மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். பொங்கலுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று வெளியே எடுத்தால் எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. அந்த மெஷினின் கார்புரேட்டருக்கு, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடும் பகுதிக்கு, அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி, கிண்ணத்தை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளும், ஓரமெல்லாம் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் பொடி, நடுவில் பெட்ரோலை அளந்து விடும் பொடி ஓட்டை உள்ள பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பு. வாசனையும் பெட்ரோல் வாசனையாக இருக்காது, மர வார்னிஷ் மாதிரி மூக்கில் ஏறும்.

காரணம் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்ற ஆல்கஹால். 2023-ல் சில பங்க்குகளில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலப்பு இப்போது எங்கும் வந்துவிட்டது. கரும்புக்கு நல்ல விலை, நாட்டுக்கு இறக்குமதி மிச்சம் என்கிறார்கள், இருக்கட்டும், அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஏற்காட்டில் மாதக்கணக்கில் அரை டேங்க் காலியாகக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். பழைய மெஷின்களோடு வந்த புத்தகங்களைப் புரட்டினால், ஹோண்டாவாகட்டும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனாகட்டும், எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். அந்தப் புத்தகம் பாலித்தீன் உறை பிரிக்காமல் பங்களா அலமாரியில் இருக்கும்.

இது கார்புரேட்டர் கோளாறுதானா என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். முதலில் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள், நடுவில் ஓர் இடத்தில் கைக்கு எதிர்ப்புத் தெரிந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம், ஓரளவு இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, தொப்பியை மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை இன்ஜினில் ஒட்டிவைத்து, கைப்பிடிக் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிழலில் இழுத்தால் நீலப்பொறி பளிச்சென்று தெரிய வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் துணி, திறந்த கேன் எதுவும் இருக்கக் கூடாது. கரண்ட் வருகிறதா, சரி, இப்போது புது பெட்ரோல் ஒரு டீஸ்பூன் பிளக் ஓட்டையில் விட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கை முறுக்கி இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, அதற்குச் சாப்பாடுதான் வரவில்லை. இதற்குப் போய் 'ஃபுல் இன்ஜின் வேலை' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குவது அநியாயம்.

டேங்க்கைக் காலிசெய்து, கிண்ணத்தைக் கழுவி, ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். குண்டூசி, டிரில் பிட் வேண்டாம். அந்த ஓட்டை மயிரிழை பெரிதானாலும் அப்புறம் அந்த ஜெட் உதவாது. கிளம்பிய பிறகு இன்ஜின் ஒரே வேகத்தில் நிற்காமல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊளையிட்டால் சின்ன ஜெட், அதாவது ஸ்லோ ஜெட், இன்னும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பலர் இந்த இடத்தில் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், இன்ஜின் எல்லை மீறிச் சுற்றினால் பிளேடு சுழலும் வேகமும் எகிறும், காலுக்குப் பக்கத்தில் சுழல்வது அது.

பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்று, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி கிளம்பும் மெஷினுக்கு, எதையும் கழற்றுவதற்கு முன் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூடியில் காற்று போகிற ஓட்டை அடைத்திருந்தால் இப்படித்தான் செய்யும்.

அடுத்தது மலைக்கே உரிய சங்கதி. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 300 மீட்டர் ஏறினால் இன்ஜின் பலம் சுமார் 3.5 சதவீதம் குறையும், ஆக அடிவாரத்திலிருந்து மேலே போவதிலேயே ஏழில் ஒரு பங்கு போச்சு. காற்று குறைந்தும் ஜெட் அதே அளவு பெட்ரோலை விடுவதால் கலவையில் பெட்ரோல் பங்கு கூடி, கரும்புகை வந்து, பிளக் கரி பூசிக்கொள்கிறது. "உங்கள் கடையில் ஜம்மென்று ஓடியது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறக்கினதும் புகை கக்குகிறது" என்று போன் வராத மழைக்காலம் எனக்கு இல்லை. மெக்கானிக்கும் ஏமாற்றவில்லை, மெஷினும் பழுதில்லை. மேலேயே நிரந்தரமாக இருக்கப்போகிற மெஷினுக்கு ஒரு அளவு சின்ன மெயின் ஜெட் போட்டு, அங்கேயே வைத்து டியூன் செய்ய வேண்டும். அதே மெஷினைக் கன்னங்குறிச்சி வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் கலவை மெலிந்து இன்ஜின் கொதிக்கும். ஏர் ஃபில்டர் அழுக்கடைந்தாலும் இதே கரும்புகைதான், அதனால் ஜெட்டில் கைவைப்பதற்கு முன் அதைக் கழற்றித் தட்டிப் பாருங்கள்.

இனி கல். இதைப் பற்றி எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். சேர்வராயன் மண்ணில் புல்லுக்கு அடியில் பாறைக்கல் தலைகாட்டிக்கொண்டே இருக்கும், பத்தாததற்குச் சில்வர் ஓக் வெட்டிய அடிக்கட்டைகள். பிளேடு ஒன்றில் 'டங்' என்று மோதி மெஷின் நிற்கும். அப்புறம் கிளம்பாது, அல்லது இழுக்கும்போது கயிறு கையை வெடுக்கென்று திருப்பி இழுக்கும், சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பங்களாவிலிருந்து வந்த மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் புதுசு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் புதுசு, கார்புரேட்டரும் புதுசு, எல்லாம் வேறோர் இடத்தில் மாற்றிய பில்லோடு வந்தது, ஆனாலும் கிளம்பவில்லை. கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது. மூன்றும் இருந்து ஓடவில்லை என்றால் பொறி வருகிற நேரம் தப்பு. மேல்மூடியைக் கழற்றி, நட்டை எடுத்து, புல்லர் போட்டு ஃபிளைவீலை, அதாவது மேக்னெட் பதித்த கனமான சக்கரத்தை, தூக்கினேன். ஃபிளைவீலையும், இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கையும் பிடித்து நிறுத்தும் சாவி என்கிற சின்ன உலோகத் துண்டு பாதி வெட்டுப்பட்டு, இரண்டு பள்ளங்களும் ஒன்றுக்கொன்று அரை நூல் விலகி நின்றன. அந்த அரை நூலில் மேக்னெட் காயிலைத் தாண்டுகிற நேரம் மாறிவிட்டது. புதுச் சாவி போட்டு, காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் இடைவெளி 0.3 மில்லிமீட்டர் வைத்து மூடினதும் முதல் இழுப்பிலேயே பிடித்தது. சாவியின் விலை அந்தப் பில்லில் இருந்த பிளக் விலைகூட இல்லை.

பல மெஷின்களில் அந்தச் சாவியை மென்மையான உலோகத்தில் செய்வதே, கல்லில் மோதினால் முதலில் அது வெட்டுப்படட்டும் என்றுதான். இது தெரியாமல் லேத்தில் கொடுத்து இரும்புச் சாவி கடைந்து போட்டுவிடுகிறார்கள், 'இனிமேல் உடையவே உடையாது' என்று பெருமையாக வேறு சொல்கிறார்கள். உடையாதுதான், அடுத்த கல்லில் கிராங்க் வளையும். அது உண்மையான செலவு. கல்லில் மோதிய மெஷினில் பிளேடு போல்ட்டையும் பார்க்க வேண்டும். பிளேடு தளர்ந்திருந்தாலும் கயிறு திருப்பி அடிக்கும், ஏனென்றால் இந்த இன்ஜின்களில் பிளேடின் கனமும் சேர்ந்துதான் சுற்றைச் சீராக வைக்கிறது. கீழே கைவிடுவதற்கு முன் பிளக் தொப்பியைக் கழற்றித் தூரமாகத் தள்ளிவையுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது, சூடான இன்ஜின் பிளேடைக் கையால் திருப்பினாலே ஒரு சுற்றுப் பிடிக்கும்.

கரண்ட் சுத்தமாக வரவில்லை என்றாலும் உடனே காயிலைக் குற்றம் சொல்ல வேண்டாம். கைப்பிடிக் கம்பியிலிருந்து வரும் கேபிள் தொய்ந்துபோனால் பிரேக் முழுதாக விடாது, இன்ஜினை நிறுத்துகிற சுவிட்சும் ஒட்டியபடியே இருக்கும். எத்தனை இழுத்தாலும் பொறி வராது. கேபிளை ஒரு சுற்று இழுத்துக் கட்டினால் தீரும் வேலைக்குக் காயில் மாற்றியவர்கள் உண்டு. எலி வயரைக் கடித்து வைத்திருப்பதும் ஷெட்டில் சகஜம். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டி அடைத்த மெஷினும் வந்திருக்கிறது.

எண்ணெய் விஷயத்திலும் யாரும் சொல்லிக் கொடுக்காததால்தான் கோளாறு. காபித் தோட்டத்தில் தோளில் மாட்டிக் களை வெட்டும் மெஷின் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். தள்ளுகிற புல் மெஷின் ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி. இரண்டுக்கும் ஒரே கேன் வைத்தால் புல் மெஷின் புகை விட்டுப் பிளக் அடைக்கும். அது பரவாயில்லை. கலக்காத பெட்ரோல் அந்தத் தோள் மெஷினுக்குப் போனால் பிஸ்டன் ஒட்டிப்பிடித்து அன்றைக்கே முடிந்தது கதை. இரண்டு கேன், இரண்டு நிறம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குழப்பம் வராது. புல் மெஷினைப் பிளேடு பார்க்கச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் இறங்கி, கிளம்பியதும் வெள்ளைப்புகை மண்டும். பிஸ்டன் ரிங் போச்சு என்று பயந்து கீழே அனுப்புவார்கள். பிளக்கைத் துடைத்து, ஃபில்டரைச் சுத்தம்செய்து, ஆயில் அளவைச் சரிபார்த்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அதுவாகவே அடங்கும்.

விற்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெஷினோடு தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள், அதை ஓட்டப்போகிறவரை வரவழைத்து அவர் கையால் ஒருமுறை பிளக்கையும் கிண்ணத்தையும் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை. மழைக்கு முன் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு, டேங்க்கையும் காலி செய்துவைக்க வேண்டும் என்பது அந்தத் தாளில் முதல் வரியாக இருக்கட்டும். கடிதம் எழுதிய அன்பர் தன் மெஷினைப் பழைய இரும்புக்கு இன்னும் போடவில்லை என்றால் முதலில் பெட்ரோலை மாற்றி, கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கட்டும். கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் மார்ச் மாதத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். மே மாதம் கோடை விழா நெருங்கினால் மலையில் இருக்கிற விடுதி, பங்களா மெஷின்கள் எல்லாம் ஒரே வாரத்தில் இறங்கும், அப்போது அவசரம் என்று யார் வந்தாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
சின்ன இன்ஜின் மெக்கானிக் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்