பொட்டிப்புரத்துல என்ன தேடப் போனாங்கன்னு எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

நியூட்ரினோன்னு (மின்னூட்டம் இல்லாத, எதையும் ஊடுருவிப் போற நுண்துகள்) பேப்பர்ல ஒரு வரி வந்தாலே எங்க போடி பக்கம் டீக்கடையில இன்னமும் கதிர்வீச்சு, அணுக்கழிவுன்னுதான் பேச்சு ஓடுது. பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அம்பரப்பர் மலையைக் குடைய வேணாம்னு சொல்றவங்கள்ல நானும் ஒருத்தன்தான், மதிகெட்டான் - பெரியாறு புலி வழித்தடம்னு தமிழ்நாடு அரசு 2022ல சுப்ரீம் கோர்ட்ல சொன்னதே எனக்குப் போதும். ஆனா அங்க என்னத்தத் தேட இருந்தாங்கன்னு இத்தனை வருஷத்துல யாரும் ஒழுங்கா சொல்லலையே, அதுதான் மனசு ஆறல.

செய்தியில வந்ததெல்லாம் 50,000 டன் இரும்பு டிடெக்டர் மட்டும்தான். அதே குகையில வெள்ளீயம்-124ங்கிற வெள்ளீய அணு வகைய வச்சு இன்னொரு சோதனையும் நடத்துற திட்டம் இருந்துச்சு. ஒரு அணுவுக்குள்ள ரெண்டு நியூட்ரான் ஒரே நேரத்துல புரோட்டானா மாறும்போது ரெண்டு எலக்ட்ரான் மட்டும் வந்து நியூட்ரினோ வராமலே போகுதான்னு பாக்குறது. அத உறுதியா ஒரு தடவை பாத்துட்டா நியூட்ரினோவும் அதோட எதிர்த்துகளும் (துகளுக்கு ஜோடியா, மின்னூட்டம் மாதிரி குணம் நேர்மாறா இருக்கிறது) ஒண்ணுதான்னு ஆயிரும். அப்படி இருக்கலாம்னு இத்தாலி இயற்பியலாளர் மயோரனா 1937ல சொன்னாரு, ஆனா அந்தச் சிதைவ இன்னிக்கு வரைக்கும் யாரும் உறுதியா பாக்கல. ஜப்பான்ல கமியோகா சுரங்கத்துல செனான்-136ங்கிற செனான் வாயு வகைய வச்சுப் பாத்துட்டு, அப்படி நடந்தாலும் அரை ஆயுள் (இருக்கிற அணுக்கள்ல பாதி சிதைய ஆகுற காலம்) 10ன் 26ஆம் அடுக்கு, அதாவது 1க்குப் பின்னாடி 26 சைபர் போட்ட வருஷத்துக்கு மேலதான் இருக்கணும்னுட்டாங்க. பிரபஞ்சத்தோட வயசே 1,380 கோடி வருஷம்தான்!

இவ்ளோ அபூர்வமானதப் பிடிக்கணும்னா சுத்தி வேற கதிரியக்கம் இருக்கவே கூடாது. நம்ம உடம்புல இருக்கிற பொட்டாசியமே வினாடிக்கு 4,000 தடவைக்கு மேல சிதையுது, அதனால கருவிய வெறுங்கையால தொடக்கூட யோசிப்பாங்க. இத்தாலியில கிரான் சாஸோ மலைக்கு அடியில, 1,400 மீட்டர் பாறைக்குக் கீழ, டெலூரியம் படிகங்களச் சுத்தி ரோமானியர் காலத்துல மூழ்கின கப்பல்ல இருந்து எடுத்த ஈயத்த வச்சிருக்காங்க, ஏன்னா புது ஈயத்துல இருக்கிற துளி கதிரியக்கம்கூட அவங்களுக்கு ஆகாது. இப்படிப்பட்ட எடத்துல அணுக்கழிவக் கொண்டுபோய் கொட்டினா முதல்ல சாகுறது அவங்க சோதனைதான்.

நம்ம சனம் இறங்கி உழைச்ச கோலார் தங்கவயல் சுரங்கத்துல 1965லயே வளிமண்டல நியூட்ரினோவ (விண்வெளிக் கதிர் காத்துல மோதும்போது உண்டாகுறது) பாத்தாங்க, அதயும் இங்க பலருக்குத் தெரியாது.

மலைக்காக எழுதுங்க, தண்ணிக்காக எழுதுங்க, நாங்க கூட நிக்கிறோம், இல்லாத கதிர்வீச்சச் சொல்லி மட்டும் பயமுறுத்த வேணாம். இந்தச் சோதனை என்னன்னு படத்தோட ஒரு முழுப்பக்கம் போடுங்க, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துல இருக்கிற நம்ம ஆளுங்க கைக்கும் அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
வாசகர், போடிநாயக்கனூர்