நான்கு சேலையில் ஒரு வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகே வரைபடம் முடிவாகும் என்கிறது. இப்போது கேட்கும் முறையில் கேட்டால் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது.

சமுதாயக் கூடத்துச் சுவரில் வரைபடத்தை ஒட்டி அதிகாரி மைக்கில் விளக்குவார். பகுதித் தலைவர்கள் இரண்டு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். வரைபடம் எல்லோருக்கும் புரிவதில்லை என்பது பாதிக் காரணம்தான். மீதி, பயம். பக்கத்து மேசையிலேயே புது வீடு யாருக்கு என்ற ஒதுக்கீட்டுப் பட்டியலும் சரிபார்க்கப்படும்போது, குறை சொன்னால் பெயர் விட்டுப்போகும் என்று யாருக்கும் தோன்றும். பட்டியல் சரிபார்ப்பை வேறு நாளில், வேறு ஆட்களைக் கொண்டு நடத்த வேண்டும்.

வரைபடத்துக்குப் பதில், கூட்டத்தில் வீட்டையே துணியால் முழு அளவில் நிறுத்திக் காட்டலாம். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்தில் நலிந்த பிரிவினர் வீட்டுக்கு உட்பரப்பு வரம்பு 30 சதுர மீட்டராக இருந்தது. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்று வைத்தால் சுற்றளவு 22 மீட்டர். சேலை ஒன்று ஐந்தரை மீட்டர். நான்கு பழைய சேலைகளைச் சவுக்குக் கம்புகளில் கட்டினால் வெளிச்சுவர் முடிந்தது. உள்சுவருக்கு இன்னும் இரண்டு மூன்று. கதவு வரும் இடத்தை விட்டுவிடுங்கள். சுவர் மார்பு உயரம் இருந்தால் போதும், சுற்றி நிற்பவர்களுக்கும் உள்ளே நடப்பது தெரியும்.

பிறகு வீட்டுச் சாமான்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், 200 லிட்டர் தண்ணீர் டிரம், இட்லிக் கடை நடத்துபவரின் கிரைண்டர். ஆறு பேருக்குப் பாய் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுப்புக்கு நேரே கழிவறைக் கதவு திறப்பதும் டிரம்முக்கு இடமே இல்லாததும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாடிப்படி திரும்பும் இடத்தையும் சுண்ணாம்பால் முழு அளவில் வரைந்து, ஆறரை அடிப் பாடையோ ஸ்ட்ரெச்சரோ சாய்க்காமல் திரும்புகிறதா என்று தூக்கிப் பாருங்கள். கட்டி முடித்த பிறகு இதைத் திருத்தவே முடியாது.

இது புதிய யோசனையும் அல்ல. மும்பை பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம், மகிளா மிலன் என்ற ஏழைப் பெண்கள் கூட்டமைப்பு ஆகியவற்றோடு சேர்ந்து 1980களிலேயே துணியாலும் மரத்தாலும் முழு அளவு வீடுகளை நிறுத்திப் பார்த்தார்கள். பரண் வைக்க வசதியாக 14 அடி உயரம் வேண்டும் என்ற முடிவு அப்படித்தான் வந்தது. பிறகு புனேயில் இதே அமைப்புகள் கட்டிய பொதுக் கழிப்பிடங்களில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி வைத்தார்கள். வரிசையில் பெரியவர்கள் தள்ளிவிடுவதாலும் பெரிய குழியைக் கண்டு பயப்படுவதாலும் பிள்ளைகள் வெளியே உட்காருவதைத் தாய்மார்கள் எடுத்துச் சொன்னார்கள். அதற்கேற்பக் குழியைச் சிறிதாக்கிக் கைப்பிடியும் பொருத்தினார்கள்.

ஒரு குழுவில் எட்டு, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், திருநர், வாடகைக்கு இருப்பவர்கள் எனத் தனித்தனியாக உட்காரட்டும். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் தேவை என்பதை அதில் உட்கார்ந்தவரே ஓட்டிக் காட்டட்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பெரும்பாலும் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரைதான் ஓய்வு. தூய்மைப் பணிக்கு விடியற்காலையில் போகிறவர்களைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்துப் பயனில்லை. அரை நாள் வேலையை விட்டு வருபவருக்கு அந்தக் கூலியை அன்றே கையில் கொடுக்க வேண்டும். மாற்ற முடியாதவை எவை, எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஆசை காட்டினால் அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

கேட்டது என்ன, ஏற்றது என்ன, மறுத்தது ஏன் என்று ஒரு பதிவேடு எழுதி, பதினைந்து நாளுக்குள் ஒவ்வொரு பிளாக்கிலும் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பதிவேட்டை டெண்டர் ஆவணத்தோடு இணைக்க நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் உத்தரவிட வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சென்னை - 97