துருப்பிடித்த ஷாஃப்ட் பற்றி நண்பனுக்கு

வேலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம்.

பேரணாம்பட்டுக்குத் தோல் ஏற்ற நீ வாங்கியுள்ள பழைய பிக்கப்பில், இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற குழாய் முழுவதும் துருவேறியிருப்பதாகவும், கனடாவிலிருந்து வந்த உன் மைத்துனர் அலுமினிய ஷாஃப்ட் போடச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அவர் இருக்கும் நாட்டில் பனிக்காலத்தில் பனியை உருக்கச் சாலையெங்கும் உப்பைத் தூவுகிறார்கள்; அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். சில பெரிய பிக்கப் வண்டிகள் அலுமினிய ஷாஃப்ட்டுடனேயே வருவதும் உண்மை. ஆனால் அதற்கு முதற்காரணம் துரு அன்று. எஃகு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம், விறைப்பிலும் அது எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். அப்படிப் பருத்த இலேசான குழாய், வேகமாகச் சுழலும்போதும் நடுவில் வளைந்து அதிராது; அதனால் நீண்ட வண்டியிலும் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் இல்லாமல் ஒரே துண்டாகப் போட முடிகிறது. சுமையோடு நிதானமாக ஓடும் உன் வண்டிக்கு அந்தத் தேவையே இல்லை.

நம் பக்கம் சாலையில் உப்பில்லை. உப்பு உன் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. உப்பிட்ட பச்சைத்தோலிலிருந்து வடியும் நீர், பலகை இடுக்கு வழியாக இறங்கிச் சேஸிஸையும் ஷாஃப்ட்டையும் நனைக்கிறது. அலுமினியத்துக்குச் செந்துரு வராதே தவிர, உப்புநீர் பட்டால் எஃகோடு சேரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். ஆகவே செலவழித்து மாற்றுவதைவிட, தளத்தில் தார்ப்பாய் விரிப்பதும், ஒவ்வொரு நடைக்குப் பின்னும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதும்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கம்பி பிரஷ்ஷால் ஒருமுறை தேய்த்துப் பார். பழுப்பு நிறம் போய் வழவழப்பான இரும்பு தெரிந்தால் அது மேல்துருதான். பிரைமரும் கறுப்புப் பெயிண்டும் மெல்லிதாக அடித்தால் போதும். செதிலாக உரிந்தாலோ, வெல்டிங் ஓரத்தில் குழி விழுந்திருந்தாலோ ஷாஃப்ட்டை மாற்றிவிடு, எஃகிலேயே. குழாயில் ஒட்டவைத்துள்ள சிறு தகடுகள் பேலன்ஸுக்கானவை. அவற்றைத் தட்டி எடுத்துவிடாதே.

குழாயைவிட எனக்குக் கவலை, அதன் முனையில் வளைந்துகொடுக்கும் இணைப்பான கிராஸைப் பற்றித்தான். அதன் மூடியைச் சுற்றி மிளகாய்த்தூள் போலச் செம்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்கிறது என்று பொருள். அதை உடனே மாற்றிவிடு. கழற்றும் முன், இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் கோடு கிழித்துக்கொள்ள மெக்கானிக்கிடம் சொல். கோடு பொருந்தாமல் மாட்டினால் புது கிராஸ் போட்டும் வண்டி அதிரும்.

அன்புடன்,
உன் நண்பன்