தோள்வலியும் ஒரு வழக்கும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. பெரியவன் காலேஜில் சேர்ந்துவிட்டானா! நம்ப முடியவில்லை. வசந்திக்கு ஊசி போட்டபிறகு தோள் வலிக்கிறது என்று எழுதி, இதே மாதிரி வலிக்காக நான் வழக்குப் போட்டது நிஜமா என்று கேட்டிருக்கிறாய். சரி, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வழக்குப் போட்டது உண்மைதான். ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட அன்று ராத்திரியே இடது தோள் பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றச் சோம்பல்பட்டுக் காலரை இழுத்து விலக்கினேன். ஊசி போட்டவரும் கண்ணில் பட்ட இடத்தில், ரொம்ப மேலே குத்திவிட்டார். தசைக்குள் போக வேண்டிய மருந்து தோள் மூட்டோடு ஒட்டியிருக்கும் பர்சா என்ற சிறு பையில் இறங்கினால் அங்கே அழற்சி உண்டாகுமாம். இங்கே இதைச் சிர்வா என்கிறார்கள்.

நீ நினைப்பதுபோல் வழக்கு ஊசி போட்ட மருந்துக்கடைமீது இல்லை. அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டப்படி இதற்கென்றே ஒரு நஷ்டஈட்டுத் திட்டம் இருக்கிறது. எதிர்த்தரப்பு யார் தெரியுமா? நாட்டின் சுகாதாரத் துறைச் செயலர்! காகிதத்தில் என் பேருக்கு எதிரே அந்தப் பதவியைப் பார்த்து மாலதி விழுந்து விழுந்து சிரித்தாள். ஜூரி கிடையாது, நீதிபதி மாதிரி ஸ்பெஷல் மாஸ்டர் என்று ஒருவர் விசாரிப்பார். ஒவ்வொரு ஃப்ளூ ஊசிக்கும் வசூலாகும் 75 சென்ட் வரியிலிருந்து பணம் வருகிறது. வக்கீல் ஃபீஸையும் திட்டமே தருகிறது. நமக்குக் கிடைப்பதில் வக்கீல் கை வைக்க முடியாது.

என் தயக்கம் வேறு. தடுப்பூசியே விஷம் என்று கத்துகிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிடுவார்களோ என்று கூசியது. மருந்தில் கோளாறில்லை, இறங்கிய இடம்தான் தப்பு என்று வக்கீலம்மா சொன்னபிறகுதான் மனசு சமாதானமானது.

தடுப்பூசியால் வரக்கூடிய பாதிப்புகள் என்று அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2017 முதல் சிர்வா இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அதே தோளில் முன்பு தொந்தரவு இருந்திருக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். எனக்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் நான்தான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேனே! தானாகச் சரியாகும் என்று ஐந்து மாதம் ஓட்டினேன். நடுவில் சர்க்கரைக்காக டாக்டரைப் பார்த்தபோதுகூடத் தோளைப் பற்றி மூச்சு விடவில்லை. அரசுத் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது: அவ்வளவு வலியென்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? சட்டை மாட்டிவிட்டதையும், நான் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்ததையும் மாலதி பிரமாணப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்குமேல் இழுத்துச் சமரசத்தில் முடிந்தது. வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். எனக்கு வந்தது அதன் பக்கத்தில்கூட இல்லை, நேரில் சொல்கிறேன்.

அதனால் வசந்தியை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போ. எந்த ஊசி, எந்தத் தேதி, எந்தக் கை, வலி எப்போது தொடங்கியது, எல்லாவற்றையும் டாக்டர் எழுதிக்கொள்ளும்படி சொல்லச் சொல். ஃப்ளூ ஊசியென்றால் வலி தொடங்கியதிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனு போடலாம். கோவிட் ஊசியென்றால் கதையே வேறு. அது தனித் திட்டம், ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருஷம்தான் கெடு, வக்கீல் செலவும் நம் தலையில், வேதனைக்கென்று காசும் கிடையாது.

போன மாதம் மறுபடி ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். வலது கையில், சட்டையை முழுசாகக் கழற்றிவிட்டு. நர்ஸ் ஒரு மாதிரி பார்த்தாள்.

வசந்திக்குப் போட்டது எந்த ஊசி என்று உடனே எழுது.

அன்புடன்,
ரகு